உங்கள் குடும்பத்துச் சொல்

மதிப்பிற்குரிய பெரியத்தானுக்கு,

உங்கள் தம்பி மனைவி எழுதுவது. இங்கே நானும் பிள்ளைகள் இருவரும் சுகம். உங்கள் தம்பியையும் அந்த வரிசையில் சேர்க்கத்தான் பார்த்தேன், கை வரவில்லை. அக்காவின் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? போனில் கேட்டிருக்கலாம்தான். ஆனால் எங்கள் வீட்டில் சமையலறையில் முணுமுணுத்தால் குளியலறையில் கேட்கும். அதனால்தான் கடிதம்.

முதலிலேயே ஒன்று கேட்டுக்கொள்கிறேன். இதைப் படித்து முடித்ததும் "பாத்துக்கலாம்மா" என்று மட்டும் பதில் சொல்லிவிடாதீர்கள். அது உங்கள் குடும்பத்துச் சொத்து என்று எனக்குத் தெரியும். எங்கள் கல்யாணத்தன்று மண்டபத்தில் கரண்ட் போனபோது உங்கள் அப்பா அதைச் சொல்லிவிட்டு, சட்டைக் கையை மடித்துக்கொண்டு போய் ஜெனரேட்டரோடு திரும்பி வந்தார். நல்ல குடும்பத்தில்தான் வந்து சேர்ந்திருக்கிறோம் என்று நினைத்தேன். உங்கள் தம்பி முதல் பாதியை மட்டும்தான் கற்றுக்கொண்டிருக்கிறார் என்பது பிறகுதான் தெரிந்தது. குழாய் ஒழுகுகிறதா, பாத்துக்கலாம். பெரியவளுக்குப் பல் வலியா, பாத்துக்கலாம். வீட்டுக்காரர் காலி செய்யச் சொல்கிறாரா, பாத்துக்கலாம். ஊருக்கெல்லாம் லிஃப்ட் ரிப்பேர் செய்கிற மனுஷன் வீட்டில் குழாய்க்கு நான் துணி சுற்றி வைத்திருந்தேன். அந்தச் சொல்லைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

இப்போது மூன்று வாரமாக அவர் வாயில் அது வரவே இல்லை. எனக்குப் பயமாக இருக்கிறது.

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். அவர் கவனித்துக்கொள்ளும் ஒரு குடியிருப்பில், மூன்றாம் மாடியில் மட்டும் லிஃப்ட் தரைக்குச் சமமாக நிற்காமல் நாலு விரல் கீழேயே நின்றிருக்கிறது. வாட்ச்மேன் போன் செய்து, "சார், யாராவது தடுக்கி விழுந்துடப் போறாங்க" என்றிருக்கிறார். இவர் என்ன பதில் சொல்லியிருப்பார் என்று உங்களுக்கு நான் எழுத வேண்டியதில்லை. இரண்டு நாள் கழித்து, அந்த மாடியில் குடியிருக்கும் தையல்காரம்மா கை நிறையத் துணியோடு வெளியே வரும்போது இடறி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டார். ஆபரேஷன் முடிந்து இப்போது வாக்கர் பிடித்து நடக்கிறார். தையல் மெஷினில் உட்கார முடியுமா என்று இன்னும் யாரும் சொல்லவில்லை.

அந்தம்மா விழுந்த மறுநாளே எங்கள் வீட்டுக் குழாய்க்கு வாஷர் மாறிவிட்டது. நான் கேட்கவே இல்லை. கதவுக் கீலுக்கு எண்ணெய் விட்டார். ஆடாத நாற்காலியைக்கூடக் கவிழ்த்துப் போட்டு ஸ்குரூவை முறுக்கினார். காஸை அணைத்துவிட்டேன் என்று சொன்னாலும் எழுந்து போய்ப் பார்க்கிறார். சின்னவன் படியிறங்கினால் பின்னாலேயே இறங்குகிறார். நான் எது சொன்னாலும் "சரி". இத்தனை வருஷமாக நான் கேட்டதெல்லாம் கிடைத்துவிட்டது, நான்தான் ராத்திரியில் எழுந்து அவர் தூங்குகிறாரா என்று பார்க்கிறேன்.

இதற்கு நடுவில் ஆறுதல் சொல்ல வருகிறவர்கள் வேறு. பக்கத்து வீட்டம்மா "தப்பா நெனச்சுக்காதீங்க" என்று ஆரம்பிப்பார்; தப்பாக நினைக்கும்படி ஒன்றைச் சொல்லாமல் எழுந்து போனதில்லை. என் சித்தி "எல்லாம் நல்லதுக்குத்தான்" என்றார். அதைத் தையல்காரம்மாவிடம் போய்ச் சொல்லிப் பாருங்கள் என்று நாக்கு நுனி வரை வந்தது, அடக்கிக்கொண்டேன். எல்லாரையும் தூக்கிச் சாப்பிட்டவர் இவருடைய சூப்பர்வைசர். "உன் நல்லதுக்குத்தான்யா சொல்றேன். வாட்ச்மேன் சொல்லவே இல்லன்னு சொல்லிடு, வேலை தப்பிச்சிடும்" என்றாராம். உன் நல்லதுக்கு என்று ஒருவன் ஆரம்பித்தால் முதலில் பாக்கெட்டைத் தொட்டுப் பார்த்துக்கொள் என்பார் என் அப்பா. இவர் அப்படிச் சொல்லிவிட்டால் வேலை போவது அந்த வாட்ச்மேனுக்கு.

அந்த மனுஷன் ஒரு சாயங்காலம் வீட்டுக்கு வந்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. வாசலிலேயே நின்று, "நான் சொன்னேன்ல சார்?" என்று மட்டும் கேட்டார். இவர் தலையை ஆட்டினார். கம்பெனியில் நடக்கப்போகும் விசாரணையிலும் அப்படி ஆட்டுவாரா என்று வந்தவருக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. காப்பி கொடுத்தேன், பாதி குடித்துவிட்டுப் போனார்.

இதுவரை நேற்று எழுதியது. இன்று காலை விசாரணை. சட்டைப் பொத்தானைத் தப்பாகப் போட்டுக் கழற்றி மறுபடி போட்டார். வாசல் வரை போனவர் திரும்பி, "உண்மையச் சொல்லிடப் போறேன். வேலை போயிடும். அப்புறம் என்ன பண்றது?" என்று கேட்டார். வாடகையும் பிள்ளைகளும் எனக்கு நினைவுக்கு வராமல் இல்லை, பெரியத்தான். ஆனால் வாயிலிருந்து வந்தது "பாத்துக்கலாம்" என்பதுதான். எனக்கே தூக்கிவாரிப் போட்டது. அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். சிரிக்கப் போகிறார் என்று நினைத்தேன், கண்ணைத் துடைத்துக்கொண்டு படியிறங்கினார்.

மத்தியானம் திரும்பி வந்தார். எல்லாவற்றையும் சொல்லிவிட்டாராம். முடிவு தெரிய ஒரு வாரம் பத்து நாள் ஆகுமாம். இப்போது உள்ளே படுத்திருக்கிறார். தூங்கவில்லை, புரண்டு புரண்டு படுக்கிற சத்தம் கேட்கிறது.

அந்தச் சொல்லைச் சொல்லிவிடாதீர்கள் என்று மேலே எழுதியதை அடிக்காமல் அப்படியே விட்டிருக்கிறேன், படித்துச் சிரித்துக்கொள்ளுங்கள். ஆனால் கடிதம் கிடைத்த அன்றைக்கே அவரைக் கூப்பிடுங்கள். நான் எழுதியதாகக் காட்டிக்கொள்ள வேண்டாம், எதையும் விசாரிக்கவும் வேண்டாம். உங்கள் அப்பா சொல்லிவிட்டு எழுந்து போவாரே, அந்த மாதிரி அந்தச் சொல்லை ஒரு தடவை சொல்லுங்கள். நானும் காலையிலிருந்து சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன். எனக்குப் பழக்கமில்லை பாருங்கள், ஒவ்வொரு தடவையும் குரல் நடுங்கிவிடுகிறது.

அக்காவுக்கும் உங்களுக்கும் வணக்கத்துடன்,
உங்கள் தம்பி வீட்டுக்காரி