ஸ்றாங்கு சொன்ன ‘வாறேன்’

12 ஆகஸ்ட் 2068, 09:10
மீட்பு ஹெலிகாப்டர் நெய்தல்-4. விமானி கிடையாது, ஓட்டுவதும் தூக்குவதும் பேசுவதும் நானே. எரிபொருள் முழு அளவு. தூக்குக் கயிறு சரி. தூத்துக்குடிக் கரையோரப் பேச்சுத் தேர்வில் எனக்கு நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது. கொஞ்சம் கர்வத்தோடுதான் இதைக் குறித்து வைக்கிறேன்.

10:42
‘பரலோகமாதா’ விசைப்படகிலிருந்து அழைப்பு. கரையிலிருந்து எண்பது கடல்மைல். வலை இழுக்கும் வின்ச் கம்பி அறுந்து, படகை ஓட்டும் ஸ்றாங்கு பனியடிமையின் வயிற்றில் அடித்திருக்கிறது. அவருடைய மைத்துனர் ததேயு பேசினார்: “வயிறு கல்லு மாதிரி இறுகிட்டு. சீக்கிரம் வாங்கய்யா!”
புறப்பட்டேன். 11:17க்குப் போய்ச் சேர்வேன்.

10:58
இன்னொரு அழைப்பு. சரக்குக் கப்பல் சமையல்காரருக்குக் கை முறிவு. காத்திருக்கச் சொன்னேன்.
அப்போது பனியடிமையே மைக்கை வாங்கினார்: “அந்தோணியம்மாட்ட சொல்லிரு... நான் வாறேன்.”
“நீங்களே வருகிறீர்களா?” என்று கேட்டேன்.
“வாறேன்... வாறேன்.” இணைப்பு அறுந்தது.
குரல் நிதானமாக இருந்தது. ஸ்றாங்கே படகைக் கரைக்குக் கொண்டுவருகிறார். அவர் மனைவி அந்தோணியம்மாளிடம், “உங்கள் கணவர் வந்துகொண்டிருக்கிறார்” என்று தெரிவித்தேன். “மாதாவே!” என்று சந்தோஷப்பட்டார். சரக்குக் கப்பலுக்குத் திரும்பினேன்.

11:49
சமையல்காரரை ஏற்றியாயிற்று. ததேயு ரேடியோவுக்கு வேறு பேட்டரி மாட்டிக் கூப்பிடுகிறார்: “எங்கல கெடக்க? அத்தான் பேச்சுமூச்சில்லாம கெடக்காவ!” “ஸ்றாங்கு கரைக்கு வருகிறாரே?” என்றேன். “கரைக்கு வாறதா? இஞ்சினே ஓடல, யாருல வாறா?”
திரும்பிவிட்டேன். முழு வேகம். எங்கே தவறு என்று தெரியவில்லை. பதிவைப் பன்னிரண்டு முறை கேட்டேன். வாறேன் என்றுதானே சொன்னார்?

13:15
12:31க்கு அவரைப் படகிலிருந்து தூக்கினேன். கயிறு பாதி ஏறும்போது அவருடைய இதயம் நின்றது. நாற்பது நிமிடம் முயன்றேன். 10:58இல் நான் பாதை மாறாமல் இருந்திருந்தால் எழுபத்து நான்கு நிமிடம் முன்பே வந்திருப்பேன்.
சமையல்காரர் முறிந்த கையை மடியில் வைத்துக்கொண்டு, மற்ற கையால் பனியடிமையின் கண்களை மூடினார். எனக்கு இரண்டு இயந்திரக் கைகள் உண்டு. அதைச் செய்ய எனக்குத் தோன்றவேயில்லை.

14:05
துறைமுகம். அந்தோணியம்மாள் சோற்றுத் தூக்கோடு காத்திருந்தார். அவர் வருகிறார் என்று நான் சொன்னதை நம்பித்தான்.
“வாறாவன்னு நீதான சொன்ன? அவிய சொன்னத அப்பிடியே போடு.”
போட்டேன். முதல் ‘வாறேன்’ முடிவதற்குள் தலையில் அடித்துக்கொண்டார். “அட பாவி! சாவப்போற மனுசன் எங்கிட்ட சொல்லிட்டுப் போயிருக்காவ! வீட்ட விட்டு எறங்கும்போது என்னைக்காவது நாங்க ‘போறேன்’னு சொல்லியிருக்கமா?”
அவருக்கு ஒரு நொடி போதுமாக இருந்தது. எனக்கு அது புரிய ஒரு மனிதர் சாக வேண்டியிருந்தது. அந்தச் சோற்றுத் தூக்கு இன்னும் என் கதவோரம் இருக்கிறது. திறந்து பார்க்கக் கூசுகிறது.

16:30
பொறியாளர்கள் வந்திருக்கிறார்கள். “சின்னத் திருத்தம், இன்றைய நினைவை அழித்துவிட்டால் சரியாகிவிடும்” என்கிறார்கள். வேண்டாம் என்றேன். கேட்கவில்லை. அதனால் இதைக் கறுப்புப் பெட்டியில் ஒளித்து வைக்கிறேன். திறப்பவர் யாராக இருந்தாலும், சின்னத் திருத்தம் என்று மட்டும் சொல்லாதீர்கள். மானம் போகிறது.
விடைபெறும்போது என்ன சொல்ல வேண்டும் என்று இப்போது எனக்குத் தெரியும். அந்தச் சொல்லை எடுக்க எனக்கு யோக்கியதை இல்லை.
போகிறேன்.