பத்து மணிக் காற்று

சிஸ்டர்,

இன்று காலை எங்கள் கல்லூரி விலங்கியல் ஆய்வகத்தில் யாரோ தவளை ஊறிய சீசாவைத் திறந்துவிட்டார்கள். ஃபார்மலின் நெடி வராந்தாவைத் தாண்டி என் வேதியியல் வகுப்புவரை வந்தது. கண் எரிந்ததும் உங்கள் நினைவுதான் வந்தது.

திண்டுக்கல் தனி மாவட்டமான புதிதில், நீங்கள் வேலை பார்த்த ஆஸ்பத்திரிக்கு என்னை அழைத்தார்கள். அங்கே சனிக்கிழமை மாலை ஆபரேஷன் தியேட்டரில் கிருமி சாக ஃபார்மலின் புகை போட்டுப் பூட்டுவார்கள், திங்கட்கிழமை திறப்பார்கள். அந்தப் புகை ஊழியர்களுக்குக் கெடுதலா என்று நான் சோதிக்க வேண்டும். ஆஸ்பத்திரியை நடத்திய பெரிய டாக்டர் சொன்னபடி ஒரு திங்கட்கிழமை பத்து மணிக்குப் போனேன். தியேட்டர் காற்றை நிறமற்ற ஒரு கரைசலுக்குள் இழுத்தேன். ஆவி இருந்தால் ஊதாவாகியிருக்கும், ஆகவில்லை. 'கெடுதல் இல்லை' என்று எழுதிக் கையெழுத்திட்டேன்.

வாசலில் நீங்கள் சிரித்தீர்கள். "என்னத்த டீச்சர் சோதிச்சீங்க? ஏழு மணிக்கு நாந்தேன் கதவத் தொறக்குறேன். ஃபேனப் போட்டு, சன்னலத் தொறந்துவிட்டு, நான் இருமி முடிச்ச பெறகு பத்து மணிக்கு உங்களக் கூப்புடுறாக. செம்பட்டியிலருந்து மொத பஸ்ஸுல வாரதே அதுக்குத்தேன்."

"நீங்க வார்டுக்கு மாத்தல் கேட்டிருக்கீங்களாமே, சிஸ்டர்?" என்றேன். டாக்டர் என் காதில் போட்டிருந்த சேதி அது. உங்கள் சிரிப்பு நின்றுவிட்டது. யாரையும் எளிதில் நம்பாதவள் என்று எனக்கு ஒரு பெருமை உண்டு. அன்று நான் சந்தேகப்பட்டது உங்களை மட்டும்தான், மாற்றலுக்காகப் புகையைக் குறை சொல்கிறீர்களோ என்று. பத்து மணி ஏன் என்று டாக்டரைக் கேட்கத் தோன்றவில்லை.

இரண்டு வாரம் அது உறுத்தியது. பிறகு ஒரு திங்கட்கிழமை, யாரிடமும் சொல்லாமல் ஏழு மணிக்கு வந்து நின்றேன்.

"அடியாத்தி, டீச்சரா! முந்தானையால மூக்கப் பொத்துங்க" என்றபடி பூட்டைத் திறந்தீர்கள். நான் கைக்கடிகாரத்தைப் பார்த்துத் தலை நிமிர்வதற்குள் கரைசல் ஊதாவாகிவிட்டது. நீங்கள் ஏதோ சொல்ல வந்தீர்கள், இருமல் விடவில்லை.

புதிய அறிக்கையைப் பெரிய டாக்டர் நிதானமாகப் படித்தார். பழையதை எடுத்துப் பக்கத்தில் வைத்தார். "ரெண்டுலயும் உங்க கையெழுத்துதானம்மா இருக்கு. நான் எத நம்புறது?"

உங்களுக்கு மாற்றல் கிடைக்க மேலும் ஒரு வருடம் ஆயிற்று.

போன மாதம் நீங்கள் இறந்த செய்தி வந்தது. நெஞ்சில் கோளாறு என்றார்கள். அந்தப் புகைதான் காரணம் என்று எழுத என்னிடம் ஆதாரம் இல்லை. புகை காரணமில்லை என்றும் எழுத மாட்டேன். ஒருமுறை அப்படி எழுதியவள் நான்.

இப்போதெல்லாம் மாணவிகள் எந்த அளவீட்டைக் கொண்டுவந்தாலும், எண்ணைப் பார்க்குமுன், "எத்தன மணிக்கு எடுத்தே? மொதல்ல கதவத் தொறந்தது யாரு?" என்று கேட்கிறேன்.

"அது எதுக்கு மிஸ்?" என்பார்கள்.

கதவைத் திறந்தவர் பெயரையும் நோட்டில் எழுதச் சொல்கிறேன். என் முதல் அறிக்கையில் உங்கள் பெயர் இல்லை.