போன வருடத்து வாசகம்

ஜனவரி 18, ஞாயிறு. பொதுக்காலம் 2ஆம் வாரம்.

விடியலில் பனி. வாடைக்காற்று. ஐந்தரைப் பூசை. முதல் வாசகம் நான்.

வாசித்தேன். நன்றாகவே வாசித்தேன். குரலை ஏற்றி இறக்கி, மாப்பிள்ளை பெண்ணைப் பார்த்துப் பூரிக்கிற இடத்தில் கொஞ்சம் நிறுத்தி, மூன்றாம் வரிசையில் இருந்த மகள் ரெஜினாவை ஒரு பார்வை பார்த்து. அவள் தலையைக் குனிந்துகொண்டாள். வெட்கம் என்று நினைத்தேன்.

வெட்கம்தான், என்னை நினைத்து. நான் வாசித்தது மூன்றாம் ஆண்டு வாசகம். இப்போது நடப்பது முதல் ஆண்டு. மூன்று வருடச் சுற்று, கிறிஸ்துமசுக்கு முந்திய திருவருகைக் காலத்தோடு மாறிவிட்டது. வாசக நூலில் நாடாவைப் போன வருடத்துப் பக்கத்தில் விட்டவனும் நானே. பிரசங்கத்தில் சாமி, "முதல் வாசகத்தில் ஊழியனைப் பற்றிக் கேட்டோமே" என்றார். ஒருவரும் கேட்கவில்லை. பாடற்குழுப் பிள்ளைகள் சிரித்தார்கள்.

வாசலில் சாமி தோளில் கை போட்டார். "என்ன அண்ணாச்சி, மகள் கல்யாண நெனப்பா?"

இருபத்திரண்டு வருட வாசகன். ஊரில் எனக்குக் காலண்டர் கபிரியேல் என்று பெயர். எந்தத் திருநாள் என்றைக்கு என்று என்னிடம்தான் வந்து கேட்பார்கள். இனி யோசித்துவிட்டுக் கேட்பார்கள்.

மத்தியானம் சீலா மீன். தூக்கம்.

ஜனவரி 20, செவ்வாய்

வெயில். துறைமுகத்தில் மரத்தடிக் கப்பல். இறங்கிய தடிகளை எண்ணி டாலி எழுதி எழுதிக் கை வலி.

கல்யாண வேலை, பாக்கி:
– ஓலை வாசிக்கச் சாமியிடம் பெயர் கொடுக்க. சனிக்கிழமை. (மூன்று ஞாயிறு பூசையில் கல்யாண அறிவிப்பாக வாசிக்க வேண்டும்.)
– பத்திரிகை. ஓலை கொடுத்த பிறகு அச்சுக்கு.
– பந்தல்காரர்.
– மேளம். வேம்பாரிலிருந்தே கூட்டி வருவார்களாம்.
– என் செருப்பு.

கல்யாணம் பிப். 23, திங்கள். மாப்பிள்ளை ஸ்டீபன், வேம்பார். வளைகுடாவில் ஒரு துறைமுகத்தில், கப்பல் இழுக்கும் டக் படகில் வேலை. லீவு ஒரு மாதம், பிப். 20 முதல் மார்ச் 20 வரை. ஒரு நாள் கூடக் கிடையாது. நாள் குறித்தவன் நான். நவம்பரில் அவன் அம்மா பெண் பார்க்க வந்தபோது, சட்டைப்பையிலிருந்து வழிபாட்டுக் காலண்டர் புத்தகத்தை எடுத்து விரித்து, "மார்ச் அஞ்சு விபூதிப் புதன். அதுக்கு முந்தி முடிச்சிருவோம், பத்து நாள் கையில இருக்கு" என்றேன். அன்றைக்குத் தொடங்கும் தவக்காலத்தில் இந்தக் கரையில் கல்யாணம் வைக்க மாட்டோம். அந்த அம்மா, "கோயில்ல வாசிக்கிற மனுசன், உங்களுக்குத் தெரியாததா" என்றார். அன்றைக்கு எனக்குத் தரையில் கால் பாவவில்லை.

ஜனவரி 24, சனி

சாயங்காலம் சாமி குடியிருக்கும் அறைவீடு. சாமி முன்னால் உட்கார்ந்து பெயர்ச் சீட்டை நீட்டினேன். வாசித்தார். மறுபடி வாசித்தார்.

"இருபத்தி மூணா?"

"ஆமா சாமி. திங்க."

"விபூதிப் புதன் பதினெட்டாச்சே."

"மார்ச் அஞ்சுல்லா சாமி?"

"அது போன வருசம் அண்ணாச்சி."

புத்தகத்தை எடுத்தேன். நீல அட்டை. சாமி மேசையில் இருந்ததற்குப் பச்சை அட்டை. நவம்பரில் புதியது வந்திருக்கவில்லை, நான் பழையதைப் பார்த்துச் சொல்லியிருக்கிறேன். பிறகு பச்சையையும் வாங்கி வீட்டில் ஆணியில் மாட்டினேன். அதில் பிப்ரவரியைத் திருப்பிப் பார்க்கவில்லை. எனக்குத்தான் எல்லாம் மனப்பாடமே.

தவக்காலம் முடிகிற உயிர்ப்புத் திருநாள் ஏப்ரல் 5. ஸ்டீபன் வருவதும் போவதும் தவக்காலத்துக்குள்.

சாமி நல்ல மனிதர். "கல்யாணமே கூடாதுன்னு இல்ல. மேளம், தோரணம், விருந்து ஒண்ணுமில்லாம அமைதியா நடத்தலாம். நம்ம பங்குல அந்த வழக்கம் இல்ல, அவ்வளவுதான். ஒரு கடுதாசி எழுதிக் குடுங்க. ஆயரகத்துக்கு அனுப்பி, பிஷப்ட்ட கேட்டுப் பாக்கேன். சீக்கிரம் குடுக்கணும்." பச்சைப் புத்தகத்தை மூடிவிட்டு, "ஆனா போன வருசம் பேரவையில நீங்க பேசுனது மினிட் நோட்டுல இருக்கு."

இருக்கிறது. லூர்து அண்ணன் மகன் கப்பல்காரன். அவனும் இதே மாதிரித் தவக்காலத்தில் கல்யாணத்துக்கு அனுமதி கேட்டான். பங்குப் பேரவையில் நான்தான் எழுந்து நின்று, சட்டம் எல்லாருக்கும் ஒண்ணுதான் என்று பேசினேன். கைதட்டினார்கள். அவன் ரிஜிஸ்தர் ஆபீசில் கட்டிக்கொண்டான். அதற்குப் பிறகு கோயில் பக்கம் வரவில்லை. லூர்து அண்ணன் என்னோடு பேசுவதில்லை.

வரும் வழியில் கடையில் நாலு புரோட்டா, ஒரு ஆம்லெட். இவ்வளவு பசி எங்கிருந்து வந்ததோ. படுத்ததும் தூங்கிவிட்டேன்.

ஜனவரி 25, ஞாயிறு

பூசை முடிந்து வந்து மகள் ரெ.யிடம் சொன்னேன். வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். உரித்து முடித்தாள். கையைக் கழுவினாள்.

"நீங்க பாத்துச் சொன்னீங்கன்னுதான் நான் பாக்கல."

அவ்வளவுதான். கத்தியிருந்தால் பரவாயில்லை. அவள் அம்மா இருந்திருந்தால் கத்தியிருப்பாள். மேரி போய் ஆறு வருடம். அன்றிலிருந்து இந்த வீட்டில் நாங்கள் இரண்டு பேர். இறால் கம்பெனி ஆபீசுக்குப் போகும்முன் எனக்கும் சேர்த்துச் சோறு கட்டுகிறாள். என் பிரஷர் மாத்திரை எந்த டப்பாவில் என்று எனக்குத் தெரியாது.

மாப்பிள்ளை போனில். "மாமா, மேளம் வேண்டாம், பந்தல் வேண்டாம். சாமி தாலியைக் குடுத்தாப் போதும், கட்டிருதேன்." நல்ல பையன். குறை சொல்ல ஒன்று கூட அகப்படவில்லை.

சாயங்காலம் கடிதம். ரெ. சொல்லச் சொல்ல நான் எழுதினேன். டாலி எழுதிய கை, எழுத்து மட்டும் முத்து முத்தாக. "என் தகப்பனாரின் கவனக்குறைவால்" என்று ஒரு வரி சொன்னாள். அதையும் எழுதினேன். பிறகு, "வேண்டாம்ப்பா, அதை அடிச்சிருங்க" என்றாள். புதுத் தாளில் முழுவதும் மறுபடி.

ஜனவரி 27, செவ்வாய்

லூர்து அண்ணன் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார். ஒரு வருடம் கழித்து. உள்ளே கூப்பிட்டேன், வரவில்லை.

"சட்டம் எல்லாருக்கும் ஒண்ணுதான்னு சொன்னீரே வே, ஞாபகம் இருக்கா?"

"இருக்கு அண்ணாச்சி."

"எனக்கும் இருக்கு. சாவுத மட்டும் இருக்கும்." மூச்சு வாங்கினார். "கடுதாசியக் கொண்டாரும்."

கொண்டுவந்தேன். சுவரில் வைத்து, ரெ. கையெழுத்துக்குக் கீழே தன் கையெழுத்தைப் போட்டார். "பேரவையில எவனாவது எந்திரிச்சான்னா நான் பேசிக்கிடுதேன். ஒம்ம மூஞ்சிக்காக இல்ல வே. அந்தப் புள்ள மூஞ்சிக்காக."

ரெ. காபி கொண்டு வருவதற்குள் போய்விட்டார். காபியை நான் குடித்தேன். சர்க்கரை அதிகம்.

ஜனவரி 31, சனி

தூறல். இந்த நேரத்தில் மழை உப்பளக்காரர்களுக்கு ஆகாது.

கடிதத்தோடு அறைவீடு போனேன். சாமி கூட்டத்துக்குப் போயிருக்கிறார். உபதேசியார், "குடுத்துட்டுப் போங்க அண்ணாச்சி, சாமி மேசையில வைக்கேன்" என்றார். சாமி கையில்தான் கொடுக்க வேண்டும் என்றேன். ஏன் என்று அவர் கேட்கவில்லை. நல்லவேளை.

வீட்டில் ரெ. வாசலிலேயே நின்றாள்.

"குடுத்துட்டீங்களா?"

"சாமி கூட்டத்துக்குப் போயிருக்காரு."

"அப்போ உபதேசியார்ட்ட குடுத்தீங்களா?"

"ம்."

நாளை ஞாயிறு. பூசைக்குப் போகும்போது கொடுத்துவிடலாம்.

பிப்ரவரி 2, திங்கள். மெழுகுதிரித் திருநாள்.

காற்று. திரி நிற்கவில்லை. என்னுடையது மூன்று தடவை அணைந்தது, பக்கத்து ஆளிடம் மூன்று தடவை கடன்.

சுவிசேஷத்தில் வயதான சிமியோன். பிள்ளையைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, போதும், இனி என்னை அனுப்பிவிடலாம் என்கிறார். வருடா வருடம் கேட்கிறேன். தான் போவதுதான் சுலபம் போலிருக்கிறது. மகளை அனுப்பச் சொல்லியிருந்தால் அவர் என்ன சொல்லியிருப்பாரோ.

நேற்று பூசைக்குக் கூட்டம். இன்று சாமிக்கு அவசரம்.

பிப்ரவரி 6, வெள்ளி

வேம்பாரிலிருந்து ஸ்டீபனின் அம்மா போன்.

"ஆயரகத்துல இருந்து பதில் வந்துச்சா சம்மந்தி?"

"வரலை" என்றேன். அதில் பொய் இல்லை.

"வந்தாலும் யோசிக்கணும். ஒத்தைக்கு ஒரு மவன். மேளமில்ல, கறியில்ல, ஊரு என்ன சொல்லும்? எழவு வீட்டுக்குப் போயிட்டு வந்த மாதிரில்லா இருக்கும். அவன் என்னமோ துடிக்கான். உங்களுக்கு எப்படித் தோணுது?"

"நீங்க சொல்லுததும் நியாயந்தான்" என்றேன். சட்டென்று வந்துவிட்டது. ரெ. அடுக்களையில் தட்டு கழுவும் சத்தம் நின்றது. பிறகு மறுபடி கேட்டது.

செருப்பு வாங்கவில்லை.

பிப்ரவரி 12, வியாழன்

வெயில் ஏற ஆரம்பித்துவிட்டது. கப்பல் இல்லை. கூட்டாளிகளோடு சும்மா உட்கார்ந்து டீ, வடை.

ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன் ரெ. சொன்னாள். பதில் வராததால் ஸ்டீபன் தன்னோடு வேலை பார்க்கும் ஒருவனுக்குத் தன் லீவை விட்டுக்கொடுத்துவிட்டான். அவன் மனைவிக்குப் பிரசவமாம். இனி இவன் முறை அடுத்த வருடம்தான்.

"அடுத்த வருசம்னா என்ன ஏளா, கண்ண மூடித் தொறக்கதுக்குள்ள வந்துரும்" என்றேன்.

"அவங்க அம்மா வேற எடம் பாக்காங்களாம்" என்றாள்.

தையல்காரரிடமிருந்து ரவிக்கையை வாங்கி வந்திருந்தாள். பிரிக்கவில்லை. காகிதத்தோடு பீரோவின் மேல்தட்டில், அவள் அம்மா சேலைகளுக்கு மேலே. தோசை ஊற்றினாள். எனக்கு முறுகலாக. அவளுக்குப் பசியில்லையாம்.

மூன்றுக்கு மேல் எனக்கும் இறங்கவில்லை.

பிப்ரவரி 15, ஞாயிறு. பொதுக்காலம் 6ஆம் வாரம்.

இன்று வாசிக்கும் முறை வேறொருவருக்கு. உட்கார்ந்து கேட்டேன். நெருப்பும் தண்ணீரும் உன் முன்னால் இருக்கின்றன, எது வேண்டுமோ அதன் பக்கம் கையை நீட்டு என்கிற பகுதி. முதல் ஆண்டுதான். நானே புத்தகத்தில் பார்த்து உறுதி செய்துகொண்டேன். சுவிசேஷத்தில், ஆம் என்றால் ஆம், இல்லை என்றால் இல்லை, அதற்கு மேல் வேண்டாம். 'ம்' எதில் சேரும் என்று சாமி விளக்கவில்லை.

பூசை முடிந்து கோயில் முற்றத்தில் போன வருடத்துக் குருத்தோலைகளை எரித்தோம், புதன்கிழமைச் சாம்பலுக்காக. தன் வீட்டு ஓலையைக் கொடுக்க வந்த லூர்து அண்ணன் குச்சியால் கிளறினார்.

"போன வருசத்தது செல்லுபடியாகுத ஒரே எடம் இதான் வே."

சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. "பதில் ஒண்ணும் வரலையா?" என்றார். புகை கண்ணில் பட்டது என்று எழுந்து போய்விட்டேன். நிஜமாகவே பட்டது.

பிப்ரவரி 18, திருநீற்றுப் புதன்

பனி இல்லை. காற்றும் இல்லை. கோயில் நிரம்பி வெளியிலும் ஆட்கள்.

முதல் வாசகம் நான். இதற்கு ஒன்றாம் ஆண்டு, இரண்டாம் ஆண்டு என்று கிடையாது. வருடா வருடம் யோவேல் இறைவாக்குதான். தப்பு விட வழியே இல்லை. உடையைக் கிழிக்காதே, உள்ளத்தைக் கிழி என்கிற வாசகம். பாதிக்கு மேல் ஓரிடம் வரும், இருபத்திரண்டு வருடத்தில் நான் கவனித்ததே இல்லை. ஊரையெல்லாம் கூட்டச் சொல்லிவிட்டு, புது மாப்பிள்ளையும் மணப்பெண்ணும்கூட அறையை விட்டு வெளியே வரட்டும் என்கிறார். அந்த வரியை நிறுத்தாமல் வேகமாக வாசித்துக் கடந்தேன். மூன்றாம் வரிசையைப் பார்க்கவில்லை.

சாம்பல் பூச வரிசையில் நின்றபோது ரெ. எனக்கு முன்னால். அவள் நெற்றியில் சாமி பெரிதாகவே இட்டுவிட்டார்.

நடந்துதான் வந்தோம். கடற்கரை ரோட்டில் லாரிகள். பாதி வழியில் அவள் கேட்டாள், ரோட்டைப் பார்த்துக்கொண்டே.

"அப்பா, ஒண்ணு கேட்டா மறைக்காமச் சொல்லணும்."

"கேளு."

"நெசமாவே தெரியாமத்தான் அந்தத் தேதிய வச்சீங்களா?"

"மாதா சத்தியமாத் தெரியாமத்தான் தாயி."

என் முகத்தைப் பார்த்தாள். நம்பினாள். "நான்தான் கிறுக்கி, ராத்திரியெல்லாம் என்னென்னமோ நெனச்சிட்டேன். மன்னிச்சிருங்கப்பா" என்றாள். என் நெற்றியில் இருந்து மூக்கில் உதிர்ந்திருந்த சாம்பலை முந்தானையால் துடைத்துவிட்டாள்.

இன்று ஒருசந்தி. மத்தியானம் ஒருவேளைச் சாப்பாடு, பருப்பும் கீரையும். மாத்திரையைத் தண்ணீரோடு கொண்டுவந்து வைத்தாள்.

தேதி தெரியாமல் வைத்தது. சத்தியம் செய்தது அதற்கு மட்டும். அவளும் லூர்து அண்ணனும் கையெழுத்துப் போட்ட கடிதம், மடிப்புக் கலையாமல், இந்த நோட்டின் பின்னட்டைக்குள் இருக்கிறது. சாமியிடம் நான் அதைக் கொடுக்கவே இல்லை என்பதைச் சொல்லவில்லை.