பிரேக் சரி

மார்ச் 4, திங்கள்

காலையிலிருந்து விடாத மழை. வண்டிக் கொட்டகைக்குப் போகவில்லை. குடை இருந்தும் போகவில்லை என்பதை இங்கேயாவது ஒப்புக்கொள்கிறேன். ஓட்டுநர்கள் எழுதும் தினப் பதிவேட்டை மேசைக்கே வரவழைத்து, அதைப் பார்த்துப் பட்டறைக்குச் சீட்டு எழுதினேன். பன்னிரண்டு வண்டிகள். எட்டாம் எண்ணுக்கு நேரே மட்டும் "பார்க்கணும்" என்று ஒற்றைச் சொல். எதைப் பார்க்கணும்? வண்டியின் முக அழகையா? கையெழுத்தும் இல்லை. அந்த எட்டாம் எண் ஓட்டுநர் மேல் எனக்கு எப்போதுமே நம்பிக்கை கிடையாது, எதிலும் மாட்டிக்கொள்ளாமல் நழுவுகிற ஆள். எட்டைப் பட்டறைக்கு அனுப்பச் சொல்லி எழுதிவிட்டேன்.

மாலையில் துப்பாக்கி அறைக்குப் போனேன். பணி முடிந்து வருபவர்கள் துப்பாக்கி முனையை வைத்துக் காலி செய்யும் மணல் பெட்டியில் ஏழு சிகரெட் துண்டுகள். யார் என்று கேட்டால் அத்தனை பேரும் கூரையைப் பார்க்கிறார்கள். காவல் நிலையத்தில் ஒரு உண்மையை வாங்க இன்னொரு காவல் நிலையம் வேண்டும்.

மார்ச் 5, செவ்வாய்

பட்டறை மெக்கானிக் வந்து நின்றார். கையில் என் சீட்டு.

"மேடம், எட்டுல ஒண்ணுமே இல்ல. ஓட்டிப் பார்த்தேன், கீழ படுத்துப் பார்த்தேன். எதுக்கு அனுப்புனீங்க?"

"பார்க்கணும்னு எழுதியிருக்கே."

"அதான் பார்த்துட்டேனே."

திமிர். படுத்துப் பார்த்த ஆளின் முதுகில் ஒரு பொட்டு அழுக்கு இல்லை. பார்க்காமலே பார்த்தேன் என்கிறார். இவர் மேல் ஒரு கண் வைக்க வேண்டும்.

மார்ச் 6, புதன்

குடையைக் காணவில்லை. மூன்று பேர் மேல் சந்தேகம்.

மார்ச் 7, வியாழன்

ஏழாம் எண் வண்டி விபத்து. காலை பத்தரை மணி. சந்தைக்கு இறங்கும் சரிவில் பிரேக் பிடிக்கவில்லை. கீழே கூட்டம். ஓட்டுநர் வண்டியை வேண்டுமென்றே இடப்பக்கச் சுவரில் உரசி, தேய்த்து, கடைசியில் மோதி நிறுத்தியிருக்கிறார். வேறு யாருக்கும் ஒரு கீறல் இல்லை. அவருக்கு வலது தொடை எலும்பு இரண்டு இடத்தில் முறிவு.

எல்லோரும் நெட்டை என்று கூப்பிடுகிற மனிதர். பத்தொன்பது வருடமாக வண்டி ஓட்டுகிறார். கதவு நிலையில் தலை இடிக்கும் என்று என் அறைக்குள் குனிந்து வருவார், வெளியே போன பிறகும் நாலு அடி குனிந்தே நடப்பார். வாயைத் திறந்து ஒரு பொய் சொல்லிக் கேட்டதில்லை. கேட்டதில்லை என்பதால் சொல்லமாட்டார் என்று ஆகிவிடுமா?

விசாரணை அறிக்கை நான்தான் எழுத வேண்டும். பாதுகாப்பு அலுவலர் என்ற பெயர்ப்பலகையை வைத்துக்கொண்டு நாலு வருடமாகத் தீயணைப்பு வாளியையும் தலைக்கவசத்தையும் எண்ணிக்கொண்டிருந்தேன். முதுகுக்குப் பின்னால் என் பெயரே ஹெல்மெட் மேடம். இப்போது உண்மையான வேலை வந்திருக்கிறது.

மார்ச் 8, வெள்ளி

மருத்துவமனைக்குப் போனேன். காலைத் தூக்கிக் கட்டியிருக்கிறார்கள். கட்டில் போதாமல் இன்னொரு கால் வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது. அவர் மனைவி என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார், உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"பிரேக்கைப் பார்க்கணும்னு திங்கக்கிழமையே எழுதி வச்சேன் மேடம்," என்றார் நெட்டை. "வியாழக்கிழமை வரைக்கும் யாரும் கூப்பிடல. பார்த்துட்டாங்க போலன்னு நினைச்சு எடுத்துட்டேன்."

எழுதினாரா? ஏழாம் எண்ணுக்கு நேரே அப்படி எதுவும் பார்த்ததாக எனக்கு நினைவில்லை. எனக்கு மறதி கிடையாது.

திரும்பி வந்து வண்டிப் பிரிவுத் தலைவரிடம் பதிவேட்டைக் கேட்டேன். எந்நேரமும் வாயில் பல்குச்சி. அதனால் பெயரும் பல்குச்சி.

"பூட்டி வச்சிருக்கேன் மேடம். நாளைக்குப் பார்க்கலாம்."

"இன்னைக்கு ஏன் கூடாது?"

"சாவி வீட்டுல."

சாவி அவர் இடுப்பில் தொங்கிக்கொண்டிருந்தது. நான் அதைப் பார்த்ததை அவரும் பார்த்தார். குச்சி இடது கடைவாயிலிருந்து வலது கடைவாய்க்குப் போயிற்று.

மார்ச் 9, சனி

பதிவேடு வந்தது. பல்குச்சி பக்கத்திலேயே நின்றுகொண்டார், நகரவில்லை.

ஏழாம் எண்ணுக்கு நேரே, நெட்டையின் பெரிய பெரிய எழுத்தில்: "பிரேக் சரி." பக்கத்துக் கட்டத்தில் அவர் கையெழுத்து.

சரி என்று எழுதியிருக்கிறார். பார்க்கணும் என்று எழுதியதாகக் கட்டிலில் படுத்துக்கொண்டு சொல்கிறார். கண்ணில் தண்ணீரோடு சொன்னாரே! நானும் கிட்டத்தட்ட நம்பிவிட்டேனே. இருபத்திரண்டு வருடப் பணியில் எத்தனை கண்ணீரைப் பார்த்திருக்கிறேன், இன்னுமா ஏமாறுகிறேன்?

தாளைத் தடவிப் பார்த்தேன். வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன். அழித்த தடம் இல்லை, ஒட்டிய தடம் இல்லை, மையும் ஒரே மை.

"எதுக்கு நேத்துத் தரல?" என்று பல்குச்சியைக் கேட்டேன்.

"ஜெராக்ஸ் எடுத்து வைக்கத்தான். நீங்க ஏதாவது திருத்திட்டா?"

என்னையா? என்னைப் பார்த்தா? ராத்திரி தட்டைப் பாதியிலேயே தள்ளிவைத்தேன். கணவர் ஏன் என்று கேட்டார், ஒன்றுமில்லை என்றேன். அவர் மருந்துக் கடைக்காரர், நோயை முகத்திலேயே படிக்கிறவர்; மேலே கேட்கவில்லை.

மார்ச் 11, திங்கள்

மேலதிகாரி அழைத்தார். வெள்ளிக்கிழமைக்குள் அறிக்கை வேண்டும் என்றார். "பதிவேட்டுல சரின்னு இருக்கு. அப்புறம் என்னம்மா யோசனை? ஓட்டுநரோட கவனக்குறைவுன்னு எழுதுங்க."

அப்படி எழுதினால் நெட்டைக்கு வேலை போகும். கால் சரியாகி எழுந்து வந்தாலும் வண்டிச்சாவியை எவனும் கையில் கொடுக்கமாட்டான். பத்தொன்பது வருடம் ஒரே வரியில் முடிந்துவிடும். அந்த வரியை நான் எழுத வேண்டும்.

யோசிக்கிறேன். பல்குச்சிக்கு ஏன் அவ்வளவு பதற்றம்? மெக்கானிக் ஏன் இரண்டு நாளாக என் பக்கமே வரவில்லை? பிரேக் கெட்ட வண்டி ஏழு, இவர் பார்த்தேன் என்கிறது எட்டு. இரண்டு பேரும் சேர்ந்து எதையோ மூடுகிறார்கள். அல்லது நெட்டைதான் முழுப்பொய்யா? மூன்று பேரில் ஒருவர். இல்லை, மூன்று பேருமே.

மார்ச் 12, செவ்வாய்

குடை என் அலமாரியிலேயே இருந்தது. யாரிடமும் சொல்லவில்லை.

எட்டாம் எண் ஓட்டுநரையும் பிடித்துக் கேட்டேன், ஏன் கையெழுத்துப் போடாமல் எழுதினாய் என்று. "நான் எழுதவே இல்ல மேடம். அன்னிக்கு நான் லீவு, வண்டி கொட்டகைய விட்டு நகரல," என்கிறான். விடுப்புப் பதிவேட்டைப் பார்த்தேன். விடுப்புதான். அப்படியானால் எட்டுக்கு நேரே எழுதியது பேயா? சந்தேகப் பட்டியலில் மூன்று நான்காயிற்று.

மார்ச் 13, புதன்

இன்று நடந்ததை ஒன்றுவிடாமல் எழுத வேண்டும். நிதானமாக.

நெட்டையை மடக்க ஒரு வழி யோசித்திருந்தேன். பழைய போலீஸ் வழி. பொய் சொல்கிறவனுக்குச் சொன்ன பொய் நினைவிருக்கும், எழுதிய விதம் நினைவிருக்காது. ஒரு தாளில் பதிவேட்டைப் போலவே கட்டம் போட்டேன். இடது ஓரத்தில் ஆறு, ஏழு, எட்டு, ஒன்பது. நடுவில் குறை எழுதுகிற கட்டம், அதே இரண்டு விரல் அகலம், அளந்து போட்டேன். கடைசியில் கையெழுத்து. தாளைப் பரீட்சை அட்டையில் செருகி மருத்துவமனைக்கு எடுத்துப்போனேன்.

"திங்கக்கிழமை என்ன எழுதினீங்களோ, அப்படியே எழுதிக் காட்டுங்க அண்ணே."

என் குரலில் தேன் வழிந்தது. எனக்கே கேட்டது. அவர் பேனாவை வாங்கினார். பரீட்சை அட்டையை மனைவி பிடித்துக்கொண்டார்.

ஏழுக்கு நேரே "பிரேக் சரி" என்று எழுதினார். கோடு இடித்தது. அப்படியே கீழே இறங்கி, எட்டுக்கு நேரே "பார்க்கணும்" என்று எழுதினார். மேலே போய் ஏழுக்குப் பக்கத்தில் கையெழுத்துப் போட்டார். தாளை நீட்டினார்.

பிரேக் சரி பார்க்கணும்.

"எட்டுல ஏன்..." என்றேன்.

"இடம் பத்தல மேடம். எட்டு அன்னிக்கு ஓடல, கட்டம் காலியாத்தானே கிடந்துச்சு."

"வீட்டுலயும் இப்படித்தான்," என்றார் மனைவி. விபத்துக்குப் பிறகு அவர் முகத்தில் முதல் சிரிப்பு. "மளிகைச் சீட்டு எழுதினா ஒரு சாமானுக்கு ரெண்டு வரி. கடைக்காரர் தலையில அடிச்சுக்குவார்."

நானும் சிரித்தேன். சிரித்தேன்! அந்தத் தாளை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு, உடம்பைப் பார்த்துக்கோங்க அண்ணே என்று சொல்லிவிட்டு வெளியே வந்து மாடிப்படியில் உட்கார்ந்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்து இந்த நாட்குறிப்பில் நான்காம் தேதியைப் புரட்டினேன். எல்லாம் இருக்கிறது. மழை. போகவில்லை. மேசைக்கே வரவழைத்தேன். கையெழுத்து இல்லை என்று பார்த்திருக்கிறேன், பார்த்தும் கிண்டல் செய்திருக்கிறேன். சீட்டு எழுதும் முன் ஒவ்வொரு வண்டியையும் ஓட்டுநரோடு நின்று பார்க்க வேண்டும் என்பது விதி. அந்த விதியைத் தட்டச்சு செய்து கொட்டகைச் சுவரில் ஒட்டியதே நான்தான். எழுந்து நாற்பது அடி நடந்திருந்தால் நெட்டை அங்கே இருந்திருப்பார். ஏழுதான் மேடம், எட்டு இல்ல என்று சொல்லியிருப்பார். அவ்வளவுதானே. நாற்பது அடிதானே.

எல்லாரையும் சந்தேகப்பட்டேனே, என்னை விட்டுட்டேனே.

மார்ச் 14, வியாழன்

பல்குச்சி வந்தார். கதவைச் சாத்தினார். குச்சியைக் கையில் எடுத்துவிட்டார், அதுவே விசேஷம்.

"மேடம், நெட்டை பாவம். திடீர் இயந்திரக் கோளாறுன்னு எழுதிடுங்க. அவனும் தப்பிச்சுக்குவான், நமக்கும் தலைவலி இல்ல."

எதையாவது கண்டுபிடித்துவிட்டாரா? ஜெராக்ஸ் வைத்திருக்கிறாரே. முகத்தை உற்றுப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. நல்ல மனதோடுதான் சொல்கிறார். அதுதான் பயமாக இருந்தது. எவ்வளவு நல்ல யோசனை! நெட்டைக்கு வேலை இருக்கும், எனக்குப் பதவி இருக்கும், அடுத்த வருடம் வரவேண்டிய உயர்வும் இருக்கும். பையிலிருக்கும் தாளைக் கிழித்தால் போதும்.

ஆனால் திடீர்க் கோளாறு என்றால் அடுத்த கேள்வி மெக்கானிக்குக்குப் போகும். போன மாதம் பார்த்தபோது ஏன் கண்டுபிடிக்கவில்லை என்று. கீழே படுத்துப் பார்த்த மனிதர். உண்மையிலேயே படுத்துத்தான் பார்த்திருக்கிறார். கீழே கோணி விரித்துக்கொள்வாராம், இன்று போய் என் கண்ணால் பார்த்தேன். அதோடு அந்த இரண்டு விரல் அகலக் கட்டம் அப்படியே இருக்கும். நாளைக்கு இன்னொருவர் எழுதுவார், இன்னொரு மழை பெய்யும்.

கணவரிடம் சொன்னேன். கடைக் கணக்கு நோட்டை மூடிவைத்தார். பிறகு, "கடையில நான் ஒரு தடவை மருந்து மாத்திக் குடுத்தேன். யாருக்கும் தெரியாது, ஒண்ணும் ஆகல. இன்னிக்கும் அந்த அம்மா கடைக்கு வந்தா நான் உள்ள போயிடுவேன்," என்றார். பதினெட்டு வருடக் குடித்தனத்தில் எனக்குத் தெரியாத விஷயம். இவரைப் போய் எத்தனை அற்ப விஷயத்துக்குச் சந்தேகப்பட்டிருக்கிறேன், இருந்த ஒன்றைக் கண்டுபிடிக்கவில்லை.

மார்ச் 15, வெள்ளி

அறிக்கை கொடுத்துவிட்டேன். காரணம் என்ற இடத்தில் என் பதவியையும் என் பெயரையும் எழுதினேன். நெட்டை எழுதிய தாளையும் இணைத்தேன்.

மேலதிகாரி இரண்டு முறை படித்தார். "இதை யாராவது எழுதச் சொன்னாங்களா?" என்று கேட்டார். அவருக்கும் சந்தேகம்.

மருத்துவமனைக்குப் போய் நெட்டையிடம் நானே சொன்னேன். அவர் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். அவர் மனைவி கதவு வரை வந்து, "இனிமே வராதீங்க," என்றார். மரியாதையாகத்தான் சொன்னார்.

ஏப்ரல் 2, செவ்வாய்

உத்தரவு வந்தது. பழைய கோப்பு அறைக்கு மாற்றம். மூன்று வருடத்துக்கு உயர்வு கிடையாது. நெட்டை மேல் நடவடிக்கை இல்லை. கடைசி வரியை நாலு தடவை படித்தேன்.

மே 27, திங்கள்

கோப்பு அறைக்கு இன்னொரு ஆள் போட்டிருக்கிறார்கள், இனி வண்டி ஓட்ட முடியாத ஒருவரை. கைத்தடியோடு, குனிந்து உள்ளே வந்தார். என்னைப் பார்த்தார். எதிர் மூலையில் போய் உட்கார்ந்தார். வணக்கம்கூட இல்லை. வேண்டுமென்றேதான் இங்கே போட்டார்களா?

ஜூன் 10, திங்கள்

புதிய பாதுகாப்பு அலுவலர் எங்கள் அறைக்கு வந்தாள். தீயணைப்பு வாளியில் மணல் நிறைய இருக்கிறது என்றேன். நம்பவில்லை. கையை விட்டு அடிவரை துழாவினாள். எனக்கு அவளைக் கட்டிக்கொள்ள வேண்டும் போல் இருந்தது. கொட்டகைக்குப் புதிய பதிவேடு வந்திருக்கிறதாம். ஒரு வண்டிக்கு ஒரு முழுப்பக்கம். "சரி" என்ற சொல்லே கூடாதாம், "நன்றாக உள்ளது", "பழுது", இரண்டில் ஒன்றுதான். நான் அறிக்கையின் கடைசிப் பக்கத்தில் கேட்டிருந்தது அதுதான்.

அவள் போன பிறகு வழக்கம்போல அறையில் சத்தமில்லை. நெட்டை இங்கே வந்து இரண்டு வாரம் ஆகிறது, கோப்பு எண்ணைத் தவிர என்னிடம் வேறு பேசியதில்லை. நாலு மணிக்குத் தலையைத் தூக்காமலே கேட்டார்:

"பிளாஸ்க்ல டீ இருக்கா?"

"சரி... இருக்கும்," என்றேன், எழுதிக்கொண்டே.

பேனாவை வைத்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"சரியா மேடம், சரி பார்க்கணுமா?"

சிரிக்கிறாரா என்று தெரியவில்லை. சந்தேகப்படவும் தோன்றவில்லை. எழுந்து போய் மூடியைத் திறந்து பார்த்தேன். இரண்டு பேருக்கு இருந்தது.