முத்து சிறகு விரித்த படம்

நவம்பர் 20
டெல்லி மூடுபனி. பத்து மணி வரை வெளிச்சமே இல்லை. ஆபீஸ் போட்டோ போட்டிக்கு இன்னும் ஒரு படம்கூடத் தேறவில்லை. ஐந்நூறு வாட் பல்பு வைத்துக் கிளியை எடுத்ததெல்லாம் கழுவி வந்தது. சகிக்கவில்லை. கண்ணில் வெள்ளைப் பொட்டு, பின்சுவரில் பூதம் மாதிரி நிழல். ஃபிளாஷ் அடித்தால் சனியன் வீடே இடிகிற மாதிரி கத்துகிறது.

வேண்டியது: சிறகு முழுசாக விரிந்த படம். மற்றவனெல்லாம் குதுப்மினாரையும் குழந்தைச் சிரிப்பையும் கொண்டுவருவான்.

சமையலறையில் தனம், கிளியிடம்: "முத்து, என் ராசா, அவரு கிடக்காரு, நீ சாப்பிடு." அவர் என்பது கட்டின புருஷன். எனக்கு நாள் முழுக்க ஒரு "ம்".

நவம்பர் 22
எதிர் குவார்ட்டர்ஸ் சர்மாஜி, சம்சாரத்தோடு வந்தார். டீ, மிக்சர். கிளி அவர்கள் எதிரில், "ஏ தனம், எங்கடி செத்தே?" அச்சாக என் குரல், இருமல் உட்பட. சர்மாஜி "க்யா போலா?" என்றார். தனம் அதை இந்தியில் சொல்லிக் காட்டி, விழுந்து விழுந்து சிரித்தாள். மானம் போயிற்று. எனக்காக அவள் இப்படிச் சிரித்து எத்தனை காலம்!

நவம்பர் 25, ஞாயிறு
சிறகு வெட்டும் நாள். வெட்டாவிட்டால் பறந்துவிடும் என்று தனத்துக்குப் பயம். துண்டில் சுற்றி அவள் பிடிப்பாள், கத்திரி என் கையில். பார்க்கத் தாங்காது, கண்ணை இறுக மூடிக்கொள்வாள். "ஆச்சாங்க?" "ஆச்சு."

இந்தப் படத்துக்காக, மழைக்காலத்திலிருந்தே நான் காற்றைத்தான் வெட்டுகிறேன். எடுத்துவைத்த பழைய இறகுத் துணுக்குகளைத் தரையில் போட்டுவிடுவேன். இறகு இப்போது முழு நீளம். மடக்கியே வைத்திருப்பதால் அவளுக்குத் தெரியவில்லை. நடந்தே பழகியதால் கிளிக்கும் தெரியவில்லை. முட்டாள் ஜென்மம்.

நவம்பர் 27
ஆபீசுக்கு சி.எல். போட்டு வீட்டில் இருந்தேன். நல்ல வெயில். ஜன்னலோரம் ஸ்டூல், அதன் மேல் கிளி. மறுபக்கம் இருட்டடிக்காமல் இருக்க என் வெள்ளை வேட்டியைக் கட்டி, அதன் மேல் பல்பு வெளிச்சம். எல்லாம் பிரமாதம். ஆனால் ஜன்னலில் அவள் போடச் சொன்ன கம்பி வலை! நிழல் கட்டம் கட்டமாகக் கிளி மேல் விழுகிறது. திறக்கலாமா என்றேன்.

"உசிரே போனாலும் திறக்கக் கூடாது. வெளிய காக்கா சும்மா விடாது."

என்னிடம் முழுசாக இரண்டு வாக்கியம். அதுவும் கிளிக்காக.

டிசம்பர் 1
தனம் ஐ.என்.ஏ. மார்க்கெட் போனாள். புளி, அப்பளம், நல்லெண்ணெய். வலையின் கொக்கியைக் கழற்றினேன். பறந்தால் பறக்கட்டும். ஆஹா, என்ன வெயில்! தாம்பாளத்தை டங்கென்று தட்டினேன். விரித்தது. கேமரா பட்டனை அமுக்கினேன். அடுத்த நொடி ஸ்டூல் காலி.

எதிர் வேப்பமரம் வரைகூடப் போகத் தெரியவில்லை. காக்கைகள் சூழ்ந்துகொண்டன. "ஏ தனம்" என்று என் குரலில் ஒரு தரம் கூப்பிட்டது. அவ்வளவுதான். வலையைத் திரும்ப மாட்டினேன்.

தனம் வந்ததும் முத்து எங்கே என்று கேட்டாள். "வாசக்கதவை நீ சரியா சாத்தாமப் போனா, அது என்ன பண்ணும்?" என்றேன். நம்பிவிட்டாள். தன்னையே திட்டிக்கொண்டு மாரில் அடித்துக்கொண்டாள். தடுக்கவில்லை. போட்டிப் படம் போன மாசமே எடுத்தாயிற்று என்றும் சொல்லிவைத்தேன்.

டிசம்பர் 9
படம் வந்தது. அற்புதம். ஒவ்வோர் இறகும் தனித்தனியாக. பெருமை தாங்காமல் அவளிடமே காட்டித் தொலைத்தேன்.

வெகுநேரம் பார்த்தாள். "இதுல வலை நிழலே இல்லையே."

பிறகு விரலால் சிறகைத் தடவினாள். "வெட்டவே இல்ல, இல்லையா? உங்கள நம்பித்தானே கண்ண மூடிக்கிட்டேன்."

கத்துவாள் என்று நினைத்தேன். கத்தவில்லை. உள்ளுக்குள் பயம்தான், ஆனால் கூடவே ஒரு நிம்மதி. வீட்டில் இனி நாங்கள் இரண்டே பேர். பேசினால் என்னிடம்தான் பேசியாக வேண்டும்.

டிசம்பர் 14
முதல் பரிசு. எல்லோரும் கை குலுக்கினார்கள். கடுங்குளிர், பஸ் லேட்.

படம் ஹாலில் தொங்குகிறது. அவளே சட்டம் போட்டு, அவளே ஆணி அடித்து. எனக்குத் தட்டை வைத்துவிட்டு அதனெதிரே போய் நின்றாள். "முத்து, என் ராசா, குளிருதாடா?" சட்டத்தின் இடுக்கில் ஒரு பச்சைமிளகாயைச் செருகினாள். மார்க்கெட் கதை, சர்மாஜி வீட்டுக் கதை, எல்லாம் அதனிடம் சொல்லிக்கொண்டே இருந்தாள். ஒருதரம் சிரிக்கக்கூடச் செய்தாள்.

இதை எந்தக் காக்கை தூக்கும்?

ரசம் கேட்டேன். திரும்பவில்லை.