கெங்கம்மாள் கேட்ட படம்

6 ஆகஸ்ட் 1991, செவ்வாய்

வார விடுமுறை. ஸ்டூடியோ திறக்கவில்லை. கெங்கம்மாளும் மாத்திரைக் கம்பெனிக்கு லீவு போட்டுவிட்டுக் காலையில் எங்கோ போய் வந்தாள். ஏன் என்று நான் கேட்கவில்லை.

மகள் பள்ளிக்கூடம் போயிருந்தாள். சாப்பிடும்போது கெங்கம்மாள் ஆரம்பித்தாள். "என்ன ஒரு போட்டோ எடுய்யா."

"அதான் கல்யாண போட்டோ கீதே."

"அது இல்ல." தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "தலைய அவுத்து உட்டுகினு. ரவிக்க இல்லாம, வெறும் பொடவ சுத்திகினு."

மண்ணூர்பேட்டையில் பாதிப் பேரை நான் படம் பிடித்திருக்கிறேன். பதினேழு வருடமாகக் குடித்தனம் செய்பவள் இப்படி ஒன்றைக் கேட்பாள் என்று நினைத்ததில்லை.

"எவன் சொல்லிக் குடுத்தான் ஒனக்கு இதெல்லாம்?" என்று கேட்டுவிட்டேன்.

பாதிச் சோற்றோடு எழுந்து போய்விட்டாள்.

7 ஆகஸ்ட், புதன்

சோற்றை மூடி வைத்துவிட்டு வேலைக்குப் போய்விட்டாள். சாயங்காலம் அவள் கம்பெனி இருக்கும் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட் பக்கம் சைக்கிளில் போய் ஒரு லாரிக்குப் பின்னால் நின்றேன், அவள் யாரோடு வருகிறாள் என்று பார்க்க. தனியாகத்தான் வந்தாள். முந்தானையை இழுத்து இடது தோளை மூடிக்கொண்டு, மெதுவாக.

9 ஆகஸ்ட், வெள்ளி

இதை எழுதக் கை கூசுகிறது. அவள் குளிக்கப் போயிருந்தபோது கம்பெனிப் பையைத் துழாவினேன். லெட்டர் கிட்டர் இருக்கும் என்றுதானே தேடினாய், திருவேங்கடம்? ஆஸ்பத்திரிச் சீட்டு இருந்தது. ஆறாம் தேதி போட்டது. டாக்டர் கையெழுத்து புரியவில்லை.

மருந்துக்கடை ஜம்புலிங்கத்திடம் காட்டினேன். படித்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "மார்ல கட்டிண்ணா. எடது பக்கம் முழுசா எடுக்கணும்னு எழுதிகீது. பத்தொன்பதாம் தேதி ஆபரேசன். யாருக்கு?"

"தெரிஞ்சவங்களுக்கு" என்றேன்.

தெரிந்தவர்களுக்கு!

10 ஆகஸ்ட், சனி

எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். லாரிக்குப் பின்னால் நின்றது, பையைத் துழாவியது, எல்லாம். திட்டுவாள் என்று பார்த்தேன். திட்டவில்லை.

"எப்ப எங்கிட்ட சொல்றதா இருந்தே?" என்று கேட்டேன்.

"போட்டோ எடுத்த அப்பால. முன்னாடியே சொன்னா நீ அழுதுகினே எடுப்பே, கை ஆடிப் பூடும்." பிறகு சொன்னாள்: "ஒடம்பு முழுசா கீறப்போ ஒன்னு எடுத்து வெச்சிக்கணும்னு தோணிச்சி. யாருக்கும் இல்ல. எனக்கே."

எடுக்கிறேன் என்றேன்.

"ஆனா ஒன்னு. நீ கழுவி முடிக்கிற வரைக்கும் நான் பக்கத்துல நிப்பேன். நெகட்டிவ் எங்கைக்கு வந்துடணும்."

"என்ன நம்பலியா நீ?"

"கஸ்தூரி போட்டோவ கஜபதி அண்ணனுக்குக் காட்டினியே. தண்ணி கொண்டாந்தப்போ பாத்தேன். ரெண்டு பேரும் சிரிச்சிகினு இருந்தீங்க."

மூன்று வருடம் ஆகிறது. கஸ்தூரியின் புருஷன் மஸ்கட்டில் இருக்கிறான். அவனுக்கு அனுப்பத் தலையை விரித்து, நைட்டியோடு ஒரு படம் எடுத்துக்கொண்டாள். வந்தவள் அரை மணி நேரம் பெஞ்சில் உட்கார்ந்து தைரியம் சேர்த்த பிறகுதான் கேமரா முன்னால் வந்தாள். நான் ஒரு காப்பி கூடுதலாகப் போட்டு வைத்துக்கொண்டு, சிநேகிதன் கஜபதி வந்தபோது காட்டினேன். இன்றும் பஸ் ஸ்டாப்பில் பார்த்தால் "நல்லா கீறீங்களாண்ணே" என்று கேட்கிறாள்.

அந்தக் காப்பி டிராயரிலேயே இருந்தது. வாளியில் போட்டுக் கொளுத்தினேன். கெங்கம்மாள் அது கருகி முடியும் வரை நின்று பார்த்தாள். மூன்று வருடமும் ஒன்றும் சொல்லாமல்தானே இருந்திருக்கிறாள்.

12 ஆகஸ்ட், திங்கள்

ஷோகேஸ் கண்ணாடிக்கு உள்பக்கம் கறுப்புத் தாள் ஒட்டினேன். கதவிடுக்கில் கோணி வைத்து அடைத்தேன். கலர் வேண்டாம் என்று முடிவு. கலர் ரோலை வெளியே லேபுக்கு அனுப்ப வேண்டும், அங்கே என்னைப் போல எத்தனை பேரோ. கருப்பு வெள்ளை என்றால் நானே கழுவலாம்.

பின்னால் அருவி வரைந்த திரையைத் தொங்கவிட்டேன். "அத்த எடுத்துடுய்யா, நான் இன்னா ஈரோயினா?" என்றாள். வெறும் சுவர் போதுமாம். பெஞ்சின் மேல் வீட்டு ஜமக்காளத்தை மடித்துப் போட்டாள். எந்தப் புடவை என்று மூன்றைக் கொண்டுவந்து காட்டினாள். கலர் விழாது, எதுவானாலும் ஒன்றுதான் என்றேன். "எனக்கு எல்லாம் ஒன்னு இல்ல" என்று ஊதாவை எடுத்து வைத்தாள்.

13 ஆகஸ்ட், செவ்வாய்

மகளைப் பள்ளிக்கூடம் அனுப்பிவிட்டு ஷட்டரை இறக்கினோம். இரண்டு விளக்கு. நல்ல புழுக்கம்.

ரொம்ப நேரம் எனக்கு முதுகைக் காட்டியே உட்கார்ந்திருந்தாள். வருகிறவர்களை எல்லாம் தலையைத் தூக்கு, தோளைத் திருப்பு என்று அதட்டுகிற நான் லென்ஸைத் திரும்பத் திரும்பத் துடைத்துக்கொண்டிருந்தேன். கடைசியில் அவள்தான், "கஸ்டமருக்கு சொல்ற மாதிரி எதுனா சொல்லேன்யா" என்றாள்.

திரும்பச் சொன்னேன். திரும்பினாள். கேமராவுக்குள் என் கண் இடது பக்கமே போனது. கட்டி எங்கே இருக்கும் என்று தேடியது. அவளுக்குத் தெரிந்துவிட்டது.

"அங்க பாக்காத. என்னப் பாரு."

பன்னிரண்டு படம். நாலில் கை ஆடிவிட்டது.

இருட்டறையில் சொன்னபடியே பக்கத்தில் நின்றாள். நெகட்டிவ் காய்ந்ததும் பன்னிரண்டையும் விரல் வைத்து எண்ணினாள். ஒரே ஒரு பிரிண்ட், அவளே பொறுக்கித் தந்த நெகட்டிவுக்குத்தான் போட்டேன். எல்லாவற்றையும் கவரில் போட்டுப் பீரோவில் பூட்டிச் சாவியை முந்தானையில் முடிந்துகொண்டாள். எனக்குக் கோபமாவது வந்திருக்கலாம். வரவில்லை.

15 ஆகஸ்ட், வியாழன்

இரண்டு பள்ளிக்கூடத்தில் கொடியேற்றம் எடுத்தேன். வரும் வழியில் கஸ்தூரி எதிரே வந்தாள். சந்தில் திரும்பிவிட்டேன்.

19 ஆகஸ்ட், திங்கள்

ஏழு மணிக்கு உள்ளே கொண்டுபோனார்கள். பதினொன்றரைக்கு வெளியே. கண் திறந்து தண்ணீர் கேட்டாள்.

8 செப்டம்பர், ஞாயிறு

இன்று முதல்முறையாகக் காயத்துக் கட்டு இல்லாமல் குளித்தாள். முதுகு தேய்க்கக் கூப்பிட்டாள். போனேன். பார்க்கவும் செய்தேன். உடனே சுவரைப் பார்த்தேன். அவள் சொம்பைக் கீழே வைத்துவிட்டு, நான் திரும்பும் வரை அப்படியே உட்கார்ந்திருந்தாள். தண்ணீர் ஆறிவிட்டது.

திரும்பினேன். எவ்வளவு நேரம் ஆக்கினேனோ!

20 அக்டோபர், ஞாயிறு

கம்பெனிக்கு இன்னும் போக முடியாது, இடது கை உயரவில்லை. ஸ்டூடியோவில் வந்து உட்காருகிறாள். "இத்த எதுக்குத் திருவறே?" என்று ஒவ்வொன்றாகக் கேட்கிறாள். இன்று ஸ்டாண்டில் கேமராவை வைத்து மகளை ஒரு படம் எடுத்தாள். என்னுடையதை விட மகள் இயல்பாக இருக்கிறாள்.

27 நவம்பர், புதன்

அண்ணனூரிலிருந்து நாகவல்லி என்று ஒரு பெண் வந்தாள். ஆஸ்பத்திரிக்குப் போகிறபோது கெங்கம்மாளுக்குப் பழக்கமாம். வருகிற வாரம் அவளுக்கும் அதே ஆபரேசன். கெங்கம்மாள் தன் படத்தை அவளுக்குக் காட்டியிருக்கிறாள்.

நாகவல்லி என்னைப் பார்த்துத் தயங்கினாள். "அவுரு வெளிய இருப்பாரு, நான்தான் எடுப்பேன்" என்றாள் கெங்கம்மாள். விளக்கைச் சரிசெய்து, ரோல் போட்டுக் கொடுத்துவிட்டு வந்தேன். ஷட்டர் இறங்கியது.

பாஸ்போர்ட் சைஸ் அவசரம் என்று ஒருவர் வந்தார். "ஒரு மணி நேரம் ஆவும்ணா. உள்ள எங்க ஊட்டம்மா போட்டோ எடுத்துகினு கீது" என்றேன். ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் போனார். உள்ளே இருவரும் ஏதோ சொல்லிச் சிரிக்கும் சத்தம் கேட்டது.

ஷட்டர் திறந்ததும் கெங்கம்மாள் ரோலை என் கையில் வைத்தாள். "நீ கழுவி வை. நான் இவள பஸ் ஏத்தி உட்டுட்டு வரேன்."

இருவரும் தெருமுனை திரும்பும் வரை பார்த்துக்கொண்டிருந்தேன். இருட்டறைக்குப் போகவில்லை. ரோலைக் கையில் வைத்துக்கொண்டு, அவள் வரும் வரை படியிலேயே உட்கார்ந்திருந்தேன்.