படத்தில் நீட்டிய கை

மடுல்சீமை தோட்டம், இலங்கை,
1978 தை மாதம்.

அன்பு மகள் செசிலிக்கு அப்பா எழுதுவது. ஆமாம் தாயி, நானேதான் எழுதுகிறேன், கோயில் உபதேசியார் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாரே தவிர பேனாவைத் தொடவில்லை. எழுத்து மேலும் கீழும் போவதற்குக் கோபிக்காதே, காலமெல்லாம் தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தி பிடித்த கை பேனாவையும் அப்படியே இறுக்குகிறது, ஒரு தாள் கிழிந்தே போனது. மாதா புண்ணியத்தில் நானும் அம்மாவும் சுகம். நீயும் மாப்பிள்ளை அற்புதராஜும் பேரன் ஜெரோமும் சுகம் என்று உன் வாயால் கேட்டால்தான் எங்களுக்குச் சோறு இறங்கும்.

இரண்டு அரசாங்கமும் போட்ட ஒப்பந்தத்தில் மாப்பிள்ளை பேர் இந்தியாவுக்கு விழுந்து எங்கள் பேர் இங்கேயே நின்றுவிட, உங்களை ஸ்டேசனில் கோச்சி வண்டியில் ஏற்றிவிட்டு வந்தோம், அதற்குப் பிறகு உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. போன வாரம் மொஹிதீன் நானா கடையில் கருவாடு சுற்றித் தந்த பத்திரிகையைப் நம் சுவரை ஒட்டிய பக்கத்துக் காம்பரா பாக்கியலெட்சுமி பிரித்தாள், பிரித்தவள் அதில் உன் படத்தைக் கண்டு “ஐயோ செசிலி, எங்கள விட்டுட்டுப் போயிட்டியாடி” என்று மாரில் அடித்துக்கொண்டாள். நம் லயத்து வரிசைவீட்டு ஆளின் படம் பத்திரிகையில் வந்தால் அது மரண அறிவித்தல்தானே, வேறு எதற்கு வரும். லயமே கூடிவிட்டது, அம்மா வாசலிலேயே விழுந்துவிட்டாள், யாரோ கோயில் மணியடிக்க ஓடினார்கள். நான் தாளை வாங்கி விரல் வைத்து ஒவ்வோர் எழுத்தாகக் கூட்டினேன். உதவிக்குக் கையேந்தும் அகதிப் பெண் என்று இருந்தது, மரணம் என்ற சொல் எங்கேயும் இல்லை. “புள்ள உசுரோட இருக்கா, நான் வாசிச்சிட்டேன்” என்று கத்தினேன். பாக்கியலெட்சுமி மூக்கைச் சிந்திக்கொண்டே “நல்லா கூட்டிப் பாருங்கண்ணே, நீங்க படிச்சதே நேத்துத்தானே” என்றாள், அழுகையோடு எல்லாரும் சிரித்துவிட்டார்கள். இந்த வயதில் எழுத்துப் படித்தது அந்த ஒரு வரிக்காகத்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

பிறகுதான் படத்தை நன்றாகப் பார்த்தேன். அதே பக்கத்தில் மாலை போட்டு நிற்கும் பெரிய மனிதர்களுக்கெல்லாம் கீழே பேர் இருக்கிறது, உனக்கு இல்லை. உன் கல்யாணச் சேலையைத்தான் உடுத்தியிருக்கிறாய், படத்தில் அது கந்தல் மாதிரித் தெரிகிறது. கையேந்துகிறாய் என்று போட்டிருக்கிறார்களே, ஏந்துகிற கையின் உள்ளங்கை மேலே பார்க்கும், உன் கை கீழே பார்க்கிறது, விரல்கள் மடங்கியிருக்கின்றன. பறித்த கொழுந்தைத் தராசில் நிறுத்துக் கொடுத்துவிட்டு வந்து லயத்து வாசலில் நின்று ஜெரோமைக் கூப்பிடுவாயே, அந்தக் கை அது. படம் பிடித்தவருக்கு நீ கூப்பிட்ட குரலும் கேட்டிருக்கும், அதைப் போடவில்லை. ஆனால் தாயி, படத்தில் பிள்ளை இல்லை. உன் பின்னால் தெரிகிற அத்தனை கூட்டத்தில் எந்தப் பக்கம் ஓடினானோ. அம்மாவிடம் இதைச் சொல்லவில்லை, நீ உயிரோடு இருக்கிறாய் என்ற சந்தோஷத்தில் இருக்கிறாள்.

படத்துக்குக் கீழே இருந்த அந்த வரியை அடித்துவிட்டு, என் மகள் செசிலி, மகனைக் கூப்பிடுகிறாள் என்று என் கையால் எழுதி, மாதா படத்துக்குப் பக்கத்தில் ஒட்டியிருக்கிறேன். மலைக்கு வேலைக்குப் போகும்போது பார்ப்பேன், சில நாள் என்னையும் கூப்பிடுவது போல இருக்கிறது, எனக்குத்தான் வர வழியில்லை.

தண்ணீரைக் காய்ச்சியே குடியுங்கள். கப்பலில் வந்து இறங்கியவர்களைப் பதிகிற மண்டபம் முகாமுக்குக் கடிதம் போட்டால் நீ போன இடத்துக்கு அனுப்புவார்கள் என்று உபதேசியார் சொல்கிறார், வருகிற ஞாயிறும் பூசை முடிந்ததும் உட்கார்ந்து உனக்கு எழுதுவேன். மாதா உங்கள் மூவரையும் தன் முந்தானைக்குள் வைத்திருக்கட்டும். நீ நீளமாக எழுத வேண்டாம். கூப்பிட்ட பிள்ளை கைக்கு வந்து சேர்ந்தானா, அதை மட்டும் பெரிய எழுத்தில் எழுது, நானே வாசித்துக்கொள்வேன்.

கைநாட்டு வைக்காமல் கையெழுத்துப் போடும்
உன் அப்பா,
சவரிமுத்து